பிடித்த பிடி விடாதே!

வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுக் குடும்பத்தோடு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்காரும்போது இந்தக் காட்சியை நீங்கள் எப்போதாவது பார்த்திருப்பீர்கள். ஒருவர் தண்ணீர்க் குளத்திற்கு மேலே அந்தரத்தில் தொங்குகிறார். காலுக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய விளிம்பில் எட்டு விரல் நுனிகள் மட்டுமே பற்றியிருக்கின்றன. கையை மாற்றி மாற்றி வைத்து நகர்கிறார். திடீரென்று விரல்கள் ஒவ்வொன்றாக விரிகின்றன. "தொப்" என்று தண்ணீரில் விழுகிறார். நம் வீட்டுப் பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்கிறார்கள்.

சிரிப்பதற்கு முன் ஒரு கணம் யோசிக்க வேண்டிய காட்சி இது. விழுந்தவர் சாதாரண ஆள் அல்லர். ஓட்டத்திலும் தாவலிலும் பலரைத் தோற்கடித்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தவர். அவரைத் தோற்கடித்தது சிறிய விஷயம்தான். கைப்பிடி!

மூன்று சென்டிமீட்டர் விளிம்பு

ஜப்பான் நாட்டில் 1997ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 'சாசுகே' என்ற தடை தாண்டும் போட்டி முதன்முதலாக ஒளிபரப்பாகியது. ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் 100 பேர் களத்தில் இறங்குவார்கள். மொத்தம் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்திலேயே பெரும்பாலோர் கழிந்துவிடுவார்கள். அமெரிக்கா, இந்தோனேசியா, வியட்நாம் என்று பல நாடுகளில் இதே போட்டி வேறு வேறு பெயர்களில் பரவியது.

மூன்றாம் கட்டத்துக்கு வருபவர்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவர்களே. அந்தக் கட்டத்தில் நேரக் கட்டுப்பாடு கிடையாது. அவசரப்படத் தேவையில்லை. 'அப்படியானால் எளிதுதானே' என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அங்கே கால்களுக்கு அநேகமாக வேலையில்லை. முழு உடம்பையும் கைகளே சுமக்க வேண்டும். அங்கேதான் 'கிளிஃப்ஹேங்கர்' என்ற தடை இருக்கிறது. செங்குத்துப் பாறையின் ஓரத்தில் தொங்குவது போன்றது என்று அதன் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். விளிம்பின் அகலம் சுமார் 3 சென்டிமீட்டர். நம் விரலின் முதல் கணு உட்கார்ந்தால் அதற்கு மேல் இடமில்லை. ஒரு விளிம்பு முடிந்ததும் இடைவெளி. அடுத்த விளிம்பு வேறு உயரத்தில் இருக்கும். ஆட்கள் கடக்கக் கற்றுக்கொள்ளும் போதெல்லாம் அமைப்பாளர்கள் அதை மேலும் கடினமாக்கினார்கள். 2012ஆம் ஆண்டுக்குப் பிறகு, தொங்கியபடியே உடம்பைத் திருப்பி எதிர்ப்பக்கத்து விளிம்புக்குப் பாய்ந்து பிடிக்க வேண்டும் என்றாகிவிட்டது.

ஏன் இவ்வளவு கடினம்? பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் கணக்குப் போட்டே காட்டுகிறேன். அந்த விளிம்பில் கட்டை விரலால் அதிகப் பயனில்லை. மிச்சம் எட்டு விரல்கள். 60 கிலோ எடையுள்ளவர் தொங்கினால் ஒரு விரலுக்கு 7.5 கிலோ. ஒரு கையை எடுத்து அடுத்த இடத்தில் வைக்கும் அந்த நொடியில் நான்கே விரல்கள். ஒரு விரலுக்கு 15 கிலோ. 100 கிலோ எடையுள்ள பயில்வான் தொங்கினால் அதே நொடியில் ஒரு விரலுக்கு 25 கிலோ! பருத்த தோளும் பரந்த மார்பும் அங்கே உதவிக்கு வருவதில்லை, பாரமாகத்தான் தொங்குகின்றன.

வென்றவர்கள் யார்?

1997 முதல் 2020 வரை நடந்த 38 போட்டிகளில், நான்கு கட்டங்களையும் முழுமையாக முடித்தவர்கள் நான்கே பேர். இந்த நால்வரில் முதல் மூவரின் தொழிலைப் பாருங்கள்.

முதலில் வென்றவர் கசுஹிகோ அகியாமா. ஆண்டு 1999. நண்டு பிடிக்கும் படகில் வேலை செய்தவர். கண் பார்வையிலும் குறை உள்ளவர். அவருக்குப் பிறகு ஏழு ஆண்டுகள் யாராலும் முடியவில்லை. 2006இல் மக்கோட்டோ நாகானோ வென்றார். அவர் மீன்பிடிப் படகின் தலைவர். மூன்றாமவர் யூஜி உருஷிஹாரா, காலணி விற்பவர். 2010இலும் 2011இலும் வென்றார். நான்காமவர் யூசுகே மொரிமோத்தோ. பள்ளி மாணவனாக இருந்தபோதே போட்டிக்கு வந்தவர். பல முறை விழுந்து எழுந்து, 2015இலும் 2020இலும் வென்றார்.

அமெரிக்கக் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. அங்கே 2009இல் தொடங்கிய போட்டியில் 2015 வரை ஒருவர்கூட முழுமையாக முடிக்கவில்லை. அந்த ஆண்டு ஒரே இரவில் இருவர் முடித்தார்கள். ஒருவர் ஜெஃப் பிரிட்டன், படப்பிடிப்புக் கருவி இயக்குபவர். மற்றவர் ஐசக் கால்டியேரோ. பாறை ஏறுவதில் பித்துப் பிடித்தவர். வயிற்றுப் பாட்டுக்காக உணவகத்தில் எச்சில் தட்டு எடுத்து மேசை துடைத்தவர். கடைசிக் கயிற்றைப் பிரிட்டன் 29.65 வினாடியில் ஏறினார், கால்டியேரோ 26.14 வினாடியில் ஏறினார். மூன்றரை வினாடி வித்தியாசத்தில் பத்து இலட்சம் டாலர் மேசை துடைத்தவரின் கைக்குப் போயிற்று.

மீனவர், காலணி விற்பவர், மேசை துடைப்பவர். உலகமே பார்த்துக் கைதட்டிய வீரர்களில் இத்தனை பேர் உழைத்துப் பிழைக்கும் சாதாரண மனிதர்கள் என்பதைக் கவனித்தீர்களா? ஈரக் கயிற்றையும் வலையையும் ஆண்டுக்கணக்கில் இழுத்த கைக்கு விளிம்பு ஒரு பெரிய அந்நியன் அல்ல.

விரலுக்குள் தசை இல்லை!

இங்கே ஒரு வேடிக்கையான உண்மையைச் சொல்ல வேண்டும். விரல்களை மடக்கும் தசைகள் விரல்களுக்குள் இல்லை. அவை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. நம்பிக்கை இல்லையா? இடது கையால் வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை மடக்கி விரித்துப் பாருங்கள். தசை உள்ளே ஓடுவது தெரியும். அந்தத் தசையிலிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டின் வழியாக விரல் நுனி வரை செல்கின்றன. பொம்மலாட்டக்காரர் மேலே நின்று நூலை இழுக்க, கீழே பொம்மை ஆடுவது போலத்தான்.

ஒன்றை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசை இறுகுகிறது. இறுகிய தசை தனக்குள் ஓடும் இரத்தக் குழாய்களையே நசுக்கிவிடுகிறது. இரத்தம் வராததால் பிராணவாயு வருவதில்லை. தசை எரிகிறது, மரத்துப் போகிறது, நாம் விடாவிட்டாலும் விரல் தானே விட்டுவிடுகிறது. அதனால்தான் தேர்ந்தவர்கள் நடுவில் ஒரு கையை மட்டும் கீழே தொங்கவிட்டு உதறுகிறார்கள். அந்த இரண்டு மூன்று நொடியில் இரத்தம் திரும்ப ஓடுகிறது. பிடிப்பதைப் போலவே, எப்போது தளர்த்துவது என்று தெரிவதும் ஒரு வித்தைதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஜப்பானுக்குப் போகத் தேவையில்லை. தைப்பூசத்துக்கு பத்துமலைக்குப் போகிறவர்கள் அந்தச் சுண்ணாம்புக் குன்றுகளின் மறுபக்கங்களையும் ஒரு நாள் சுற்றிப் பார்க்கலாம். உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, வியர்வைக்கு வெள்ளைப் பொடி தடவிக்கொண்டு, விரல் நுனியால் பாறையில் தொங்குவார்கள். நாம் படியேறிக் கும்பிடும் அதே மலை அவர்களுக்குப் பயிற்சிக்கூடம்.

நம் வீட்டுக் கைகள்

பிடியில் நம்மவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். தமிழ்நாட்டில் கிருஷ்ண ஜெயந்தியன்று எண்ணெய் தடவிய வழுக்கு மரத்தில் ஏறுகிறார்கள். விழுப்புரம் பக்கத்தில் பிள்ளைகள் மல்லர் கம்பத்தில் உடம்பை வளைத்துச் சாகசம் செய்கிறார்கள். நம் தோட்டங்களில் கோயில் திருவிழா, பொங்கல் விளையாட்டு என்றால் கயிறு இழுக்காமல் நாள் முடியாது. அந்தக் கயிறு இழுக்கும் போட்டி 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலேயே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

விளையாட்டை விடுங்கள். வேலையைப் பாருங்கள். சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றார்கள். ஒரு நிரையில் 400, 500 பால் மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் பட்டையை மெல்லிய சீவலாக, சாய்வாக, ஒரே அளவில் இழுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மண்டோரின் வசவு. கொஞ்சம் மேலாகப் போனால் பால் இல்லை, கூலியில் அடி. இரும்புப் பிடியும் பூப்போன்ற இலாவகமும் ஒரே கையில் இருக்க வேண்டிய தொழில் அது. பிறகு காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்க வேண்டும். பால் சிந்தினால் நஷ்டம். பிடி தளர முடியாது.

பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. நீண்ட கம்பில் பூட்டிய அரிவாளை அண்ணாந்து பிடித்து இழுத்தால் 10, 20 கிலோ குலை மண்ணில் விழும். அதைக் குத்தித் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும். பெண்கள் குனிந்து உதிரிப் பழம் பொறுக்க வேண்டும். முள்ளும் கல்லும் தைத்துத் தைத்து உள்ளங்கை தோலாகிப் போகும்.

இந்த உழைப்பை நான் அலங்கரித்துப் பேச விரும்பவில்லை. விருப்பப்பட்டு வளர்த்த வலிமை அல்ல அது. வயிற்றுக்காக வந்த வலிமை. அதற்குப் பதக்கமும் இல்லை, பத்து இலட்சமும் இல்லை. வயதான காலத்தில் விரல் மடங்காமல், மணிக்கட்டு மரத்துப் போய்த் தவிக்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். 'படி ராசா, என் கை மாதிரி உன் கை ஆகக்கூடாது' என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளில் சிலர் அந்தக் கையையே மறைக்கக் கற்றுக்கொண்டார்கள். அதுதான் மனத்தை உறுத்துகிறது.

நான்காம் ஆண்டில் 'என் அம்மா' என்று கட்டுரை எழுதச் சொல்வது வழக்கம். கடையில் விற்கும் கட்டுரைப் புத்தகத்தைப் பார்த்துப் பாதி வகுப்பும் 'அம்மாவின் மென்மையான கைகள்' என்று எழுதிக்கொண்டு வரும். ஒருமுறை ஒரு மாணவனைக் கூப்பிட்டேன். அவன் தாயார் உதிரிப் பழம் பொறுக்கிப் பிள்ளைகளை வளர்ப்பவர். "வீட்டுக்குப் போய் அம்மா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு வா, ஐயா" என்றேன். மறுநாள் இப்படி எழுதியிருந்தான்: 'என் அம்மாவின் கை சொரசொரப்பாக இருக்கும். முதுகு அரித்தால் அம்மா தடவினால்தான் சுகம். மூடி திறக்க முடியாத போத்தலை அப்பாவும் அம்மாவிடம்தான் கொடுப்பார்.' வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். அந்த ஆண்டு நான் படித்த கட்டுரைகளில் அதுவே சிறந்தது.

மருத்துவர்களும் கையைப் பார்க்கிறார்கள்

கைப்பிடி விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும் உரிய சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது. 2015ஆம் ஆண்டு 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 17 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடி வலிமையை அளந்து, நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். அந்த 17 நாடுகளில் மலேசியாவும் உண்டு, இந்தியாவும் உண்டு. பிடியில் 5 கிலோ குறையக் குறைய, இறக்கும் அபாயம் 16 விழுக்காடு கூடுதலாக இருந்ததாம். இரத்த அழுத்தத்தின் மேல் அளவைவிடக் கைப்பிடியே இதைத் துல்லியமாகக் காட்டியது என்கிறார்கள்.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடாது. கையை மட்டும் முறுக்கேற்றினால் ஆயுள் கூடிவிடும் என்று அவர்கள் சொல்லவில்லை. வீட்டின் முன்வாசலைப் பார்த்தே உள்ளே எப்படி என்று ஊகிப்பதில்லையா? அதுபோல, கைப்பிடி முழு உடம்பின் தசை நலத்துக்கும் ஓர் அடையாளம். ஆசிய நாடுகளின் முதுமைத் தசைத் தேய்வு நிபுணர்கள் 2019இல் ஓர் அளவு சொன்னார்கள். ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழும், பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழும் பிடி இறங்கினால் கவனிக்க வேண்டும். வீட்டில் அளக்கும் கருவி இல்லையே என்று கவலை வேண்டாம். எப்போதும் சுலபமாகத் திறந்த போத்தல் மூடி தாத்தாவுக்குத் திடீரென்று திறக்கவில்லையா? ஈரத் துணியைப் பாட்டியால் பிழிய முடியவில்லையா? 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பிள்ளைகளைப் பழக்குவது எப்படி?

லயத்து வீடுகளைவிட்டுப் பட்டணத்துத் தாமான்களுக்கு வந்துவிட்டோம். மரமேற மரமில்லை, நீர் இறைக்கக் கிணறில்லை. விரல்கள் நாள் முழுவதும் கைப்பேசிக் கண்ணாடியைத் தேய்க்கின்றன. திடலில் உள்ள கம்பியில் பிள்ளைகளைத் தொங்கச் சொல்லிப் பாருங்கள். பத்து எண்ணுவதற்குள் பலர் இறங்கிவிடுவார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல. கைக்கு நாம் வேலை கொடுக்கவில்லை.

செலவில்லாத சில வழிகள் சொல்கிறேன்.

வீட்டு வேலையிலிருந்து தொடங்குங்கள். துணி பிழிவது, தேங்காய் துருவுவது, பால் பிழிவது, வாளியில் தண்ணீர் தூக்குவது, மாவு பிசைவது எல்லாமே கைக்குப் பயிற்சிதான். மகளுக்கு மட்டுமல்ல, மகனுக்கும் கொடுங்கள்.

அடுத்து, விளையாட்டுத் திடலின் கம்பி. கால் தரைக்கு அருகில் இருக்கும் உயரம் போதும். கீழே மணலோ புல்லோ இருக்கட்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். முதல் வாரம் 5 எண்ணும் வரை. பிறகு 10, 15, 20. நடுவில் கையை உதறி ஓய்வு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். உள்ளங்கை முழுவதும் கம்பியைச் சுற்றியிருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். தொலைக்காட்சியில் பார்த்ததைப் போலச் சன்னல் விளிம்பிலும் கதவுச் சட்டத்திலும் விரல் நுனியால் தொங்கக்கூடாது. வளரும் பிள்ளைகளின் விரல் எலும்பு முனைகள் இன்னும் முற்றாதவை. நுனி விரலில் முழுப் பாரம் ஏற்றினால் எலும்பே விரிசல் காணலாம். போட்டியாளர்களுக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைக்குக் கீழே சிமெண்டுத் தரை இருக்கிறது. விரலில் வலியோ வீக்கமோ வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2014இல் கேசி காடன்சாரோ என்ற பெண், அமெரிக்கப் போட்டியின் நகர இறுதிச் சுற்றை முடித்த முதல் பெண் என்று பெயர் பெற்றார். உயரம் 5 அடிதான். எடை 45 கிலோ அளவே. மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். எடை குறைவு என்பது இங்கே பலவீனம் அல்ல!

இது தொலைக்காட்சி வேடிக்கையோடு நின்றுவிடவும் இல்லை. 2019இல் பிலிப்பீன்ஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் தடை தாண்டும் ஓட்டம் இடம்பெற்றது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், நவீன ஐம்போட்டியில் குதிரையேற்றத்துக்குப் பதிலாகத் தடைக் களமே வைக்கப்படும் என்று முடிவாகியிருக்கிறது. குதிரை வாங்க நம்மால் முடியாது. கம்பியில் தொங்குவதற்கு என்ன செலவு?

ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை அந்தக் காட்சி வரும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள். விளிம்பில் தொங்கும் அந்த மீனவரின் கையைப் போன்ற கைகள் நம் குடும்பத்திலும் இருந்தன; சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைகள் பிடித்த பிடியை விடாததால்தான் நாம் பள்ளிக்கூடம் வரை வந்தோம். பிள்ளைகள் படிக்கட்டும், பேனா பிடிக்கட்டும், பட்டம் வாங்கட்டும். அதோடு, பாட்டியின் கையை ஒருமுறை இறுகப் பிடித்துப் பார்க்கட்டும். யார் முதலில் விடுகிறார்கள் என்று பார்ப்போம்!